31-வது பிள்ளை: டெல்டாவின் சின்னப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் வரும் கணக்கு

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரோடு காலனித் தெருவில் வீடு வீடாக நானும் போனேன். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப் போவதாக 2025-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஊர்ப் பேச்சில் அந்தச் சொல் இன்னும் போகவில்லை. பதிவேட்டில் அன்று 29 பேர். எப்படியாவது இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட வேண்டும் என்பது டீச்சரின் கவலை.

"ஏம்மா, சின்னவள நம்ம பள்ளிக்கூடத்துலயே சேத்து விடேம்மா."

"வேன் வாசலுக்கே வருதுங்க டீச்சர்..."

அந்த அம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நடவுக் கூலியிலும் நூறு நாள் வேலையிலும் மிச்சம் பிடித்துப் பிள்ளையை டவுன் நர்சரிக்கு அனுப்ப நினைக்கும் தாயை யாரும் குறை சொல்ல முடியாது. எனக்குப் புரியாதது வேறு. ஏன் குறிப்பாக இரண்டு பிள்ளைகள்? 29 பேர் இருந்தால் என்ன, 31 பேர் இருந்தால் என்ன?

விடை பள்ளி மானியத்தில் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிப்படி, ஆண்டுதோறும் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வரும் மானியத்தைத் தீர்மானிப்பது மாணவர் எண்ணிக்கை. 30 பேர் வரை என்றால் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். ஆக, 30-வது பிள்ளைக்கும் 31-வது பிள்ளைக்கும் நடுவில் 15,000 ரூபாய் நிற்கிறது. அதற்காகத்தான் டீச்சர் வெயிலில் நடந்தார்.

10,000 ரூபாயில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. மீதி 9,000. மாதத்துக்கு 750 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, பழுதான மோட்டார், உடைந்த குழாய், ஒழுகும் ஓடு எல்லாவற்றுக்கும் அதுதான்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைக்கு வகுத்துப் பார்த்தால் சின்னப் பள்ளிக்குக் குறைவாக வருவதாகத் தெரியாது. 28 பேர் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 357 ரூபாய், 260 பேர் படிக்கும் பள்ளியில் 288 ரூபாய். ஆசிரியர் சம்பளத்தையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகிவிடும். சின்னப் பள்ளிகளை இணைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் காட்டும் கணக்கு இதுதான், கணக்கில் பிழை இல்லை. ஆனால் மோட்டார் பழுதானால் 28 பிள்ளைகளின் பள்ளியிலும் அதே கூலிதான், 260 பிள்ளைகளின் பள்ளியிலும் அதே கூலிதான். கழிப்பறைக் கதவின் விலை தலையைப் பார்த்து மாறுவதில்லை. பெரிய பள்ளியில் பெற்றோர், முன்னாள் மாணவர், ஊரில் கடை வைத்திருப்பவர் என்று கை கொடுக்க நாலு பேர் இருப்பார்கள். காலனிப் பள்ளியில் அந்த நாலு பேர் யார்?

இணைப்பதும் இந்த மண்ணில் அத்தனை எளிதில்லை. டெல்டாவில் ஊர் ஒரே கூட்டமாக உட்கார்ந்திருக்காது. குடித்தெரு ஒரு பக்கம், அக்ரஹாரம் ஒரு பக்கம், வயலுக்கு அப்பால் காலனி, வாய்க்கால் கரையோரம் பத்து வீடு. கண்ணுக்கு எதிரே தெரியும் பள்ளிக்குப் போக, பாலம் இருக்கும் இடம் வரை சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். ஐப்பசியில் வாய்க்கால் நிரம்பி ஓடும்போது ஆறு வயதுப் பிள்ளையை அப்படி அனுப்பத் துணிச்சல் வராது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்ற விதியை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது.

மானியம் ஒரு ஓரம்தான். பெரும் பணம் சம்பளத்தில் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தமிழக அரசு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்குப் போகிறது. ஆசிரியர் இல்லாமல் பள்ளி ஏது, போகத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சம்பளம் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்பதும் தலைக்கணக்குதான். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61-லிருந்து 90 வரை மூன்று பேர். ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் பணியிடம் முடிவாகும். 61 பேர் இருந்த பள்ளியில் இருவர் குறைந்தால் ஓர் ஆசிரியர் 'உபரி' ஆகிவிடுவார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போவார். மிஞ்சும் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம், வட்டார வள மையக் கூட்டம், பயிற்சி என்று அவர் போகும் நாட்களில் அது ஓராசிரியர் பள்ளிதான்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-ல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைவிட்டுக் கற்றல் நிலையை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். பல வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும் பள்ளிக்கு அது உண்மையிலேயே பொருந்தும் யோசனை. ஆனால் மூன்று நிலைக்கும் ஒரே ஆள் நின்றால் யோசனை எவ்வளவு நன்றாக இருந்தும் கை போதாது.

சரி, தலையை எண்ணாமல் பின்தங்கிய பகுதியைப் பார்த்துக் கொடுக்கும் பணமே கிடையாதா? இருக்கிறது. டெல்டா நழுவுவதும் அங்கேதான்.

கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற பெண்களுக்கான உறைவிடப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிராமப்புறப் பெண்களின் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருந்து, ஆண் பெண் இடைவெளி தேசிய சராசரியைவிட அதிகமாகவும் இருந்தால் அந்த ஒன்றியம் பட்டியலில் வரும். நல்ல அளவுகோல்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அது உண்மையான தேவையைக் காட்டியது. டெல்டாவில் காட்டாது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 சதவீதம். தஞ்சாவூர் 82.64, திருவாரூர் 82.86, நாகப்பட்டினம் 83.59. மூன்றுமே மாநில சராசரிக்கு மேல்.

அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாநிலத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 20 சதவீதம். திருவாரூர் மாவட்டத்தில் 34 சதவீதம், தமிழகத்திலேயே அதிகம். அன்றைய நாகப்பட்டினத்தில் 31 சதவீதத்துக்கு மேல். இவர்களில் மிகப் பலர் நிலமில்லாத விவசாயக் கூலிகள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் படிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னப் பள்ளிகளில்தான். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் நூறு ஆண்டு தாண்டிய உயர்நிலைப் பள்ளிகளும், கூடவே கல்லூரிகளும் இருப்பதால் மாவட்டத்தின் சராசரி உயர்ந்து நிற்கிறது. அந்த உயரத்தின் நிழலில் காலனிப் பள்ளி தெரிவதில்லை.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் இங்கே கேட்பார்கள். அணையின் நீர்மட்டத்தை வைத்து எந்த விவசாயியும் கடைமடை நனைந்துவிட்டதாக நம்பமாட்டார். பள்ளிப் பணத்துக்கு மட்டும் மாவட்ட சராசரியை நம்புகிறோம்.

படிப்புக்கென்று வைத்த பணம் யாரைப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வி தஞ்சைத் தரணியில் புதிதும் அல்ல. மராட்டிய மன்னர்கள் காலத்துச் சத்திரங்களுக்கு நிலம் இருந்தது, அந்த வருமானத்தில் மாணவர் விடுதி நடந்தது. ஆனால் அது ஒரு சாராருக்கு மட்டுமே என்று பழகிப்போயிருந்தது. 1920-களில் தஞ்சை ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகளில் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் இடம் கிடைக்கச் செய்தார். திருவையாற்றில் சமஸ்கிருதம் மட்டும் கற்பித்த கல்லூரியில் தமிழையும் கொண்டுவந்தார். புதிதாக ஒரு வரி போடவில்லை. இருந்த பணத்தைப் பெறுவோர் பட்டியலைத்தான் மாற்றினார். அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோர் நலம் லேபர் கமிஷனரின் பொறுப்பில் இருந்தது. பொதுப் பள்ளிகளில் சேர்க்க மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அந்தத் துறை தனிப் பள்ளிகள் தொடங்கியது. லேபர் ஸ்கூல் என்று பெரியவர்கள் சொல்வது அவற்றைத்தான். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அது.

வேறு துறை என்பதால் இந்தப் பள்ளிகளுக்குப் பணம் வரும் வாய்க்காலும் வேறு. எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அது நடந்தால் ஆசிரியர் நியமனமும் மேற்பார்வையும் ஒரே தரத்தில் இருக்கும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. தனியாக இருந்த கவனமும் போய்விடும் என்று இன்னொரு தரப்பு அஞ்சுகிறது. என் மனம் இரண்டாவது அச்சத்தின் பக்கம்தான் சாய்கிறது. பெரிய துறையின் தலைக்கணக்குக்குள் போனால் இந்தப் பள்ளிகள் 'சேர்க்கை குறைந்த பள்ளி' என்ற ஒரே பெயரில் கரைந்துவிடும். ஆதிதிராவிடர் நல விடுதிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். அவற்றில் தங்கிப் படிக்கும் பள்ளி மாணவருக்கான உணவுப்படி 2023-ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆனது. ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வராது. மூன்று வேளைக்கும் சேர்த்து.

பணம் பிள்ளையைச் சேரும் வழிகளில் தமிழகம் மிக நன்றாகச் செய்தது சோறு. பள்ளியில் மதிய உணவு காமராஜர் ஆட்சியில் 1956-ல் மாநிலம் முழுக்கப் பரவத் தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்த விரிவாக்கம் தொடங்கிய இடம் நாகை மாவட்டம் திருக்குவளை, கருணாநிதி படித்த பள்ளி. காவிரி பாயும் ஊர்களுக்கும் இந்தத் திட்டங்களுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

டெல்டாவில் காலைச் சாப்பாட்டுக்குத் தனி அர்த்தம் உண்டு. நடவு நாளில் அம்மா விடியும் முன்பே வயலுக்குப் போய்விடுவார், பிள்ளைக்குப் பழைய சோறு இருந்தால் உண்டு. நடவும் களையெடுப்பும் முடிந்து அறுவடை வரும் வரை, அடைமழைக் கார்த்திகையிலும் மார்கழியிலும், வீட்டில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த இரண்டு மாதங்களில் பள்ளியில் கிடைக்கும் வெண்பொங்கலும் கிச்சடியும் மதிய முட்டையும்தான் சில பிள்ளைகளுக்கு நாளின் முழுச் சாப்பாடு. எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதால் யார் ஏழை என்று தனியாகத் தெரிவதும் இல்லை. எனக்கு இது பெரிய விஷயம். நான் படித்த பள்ளியில் உதவித்தொகை வரும் நாளில் சாதிப் பெயரைச் சொல்லி, அதற்குரியவர்களை எழுந்து நிற்கச் சொல்வார்கள். எழுந்து நின்ற என் நண்பன் அடுத்த ஆண்டு உதவித்தொகையே வேண்டாம் என்றான்.

இத்தனை நல்ல திட்டத்திலும் ஒரு கோடு விழுந்தது. கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்று பழைய ஊர்களில் ஏழைப் பிள்ளைகள் கணிசமாகப் படிப்பது அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில். ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும், கட்டடத்தை நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை உணவு முதலில் இவர்களுக்கு இல்லை. கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-ல்தான் வந்தது, நகரங்களுக்கு 2025 ஆகஸ்ட் 26-ல். ஒரே தெருவில் நகராட்சிப் பள்ளிப் பிள்ளை காலையில் சாப்பிட, உதவிபெறும் பள்ளிப் பிள்ளை இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. இரண்டு வீட்டு அப்பாவும் ஒரே இடத்தில் மூட்டை தூக்குபவராக இருக்கலாம். பள்ளியின் வகையைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்க்கவில்லை. தாமதமானாலும் சரிசெய்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதன் பின்விளைவைக் கும்பகோணம் மறக்காது. 2004 ஜூலை 16 அன்று, உதவிபெறும் பள்ளியும் தனியார் பள்ளியும் ஒன்றாக இயங்கிய கட்டடத்தில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கு அப்புறம்தான் பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு உறுதியாக நின்றது. அந்தத் தீயை முன்வைத்துப் போடப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் பகுதி என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மராமத்துப் பணம் என்பது அலங்காரச் செலவு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்த மராமத்துப் பணம் வரும் நேரம்தான் டெல்டாவுக்குப் பெரிய தொல்லை. பள்ளி திறப்பது ஜூனில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். ஓட்டை மாற்றுவது, வாசலில் மண் கொட்டி மேடாக்குவது, மின் இணைப்பைச் சரிபார்ப்பது எல்லாம் புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஆனால் பல ஆண்டுகளில் மானியம் கல்வியாண்டின் பாதி கடந்துதான் பள்ளிக் கணக்கைத் தொடுகிறது. மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும் என்ற அவசரமும் கூடவே வரும். மழையில் ஒழுகிய அறைக்குப் பங்குனி வெயிலில் பணம். நடுவில் தலைமையாசிரியர் கைக்காசைப் போட்டிருப்பார், அல்லது பிள்ளைகளை ஒரு மூலைக்கு நகர்த்தி உட்காரவைத்திருப்பார்.

2024-25-ல் அந்தப் பணமும் தடைபட்டது. சமக்ர சிக்ஷா செலவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடாததைக் காரணமாக வைத்து அந்த ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதும் ஏற்காததும் தனி விவாதம். அதற்குப் பணயமாக நின்றது மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கான பயிற்சி, இந்த 10,000 ரூபாய் மானியம் எல்லாம். ஒரு கொள்கைச் சண்டைக்கு இவற்றை ஈடு வைத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

அதே நிறுத்தத்தில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடமும் மாட்டிக்கொண்டது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் கால் பங்கு இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு தரும். 2025-26-க்கான சேர்க்கை கல்வியாண்டு பாதி கடந்து அக்டோபரில்தான் நடந்தது. இந்த ஏற்பாட்டில் பல பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டீச்சர் தேடிப்போன அந்த 30-வது, 31-வது பிள்ளையை அரசே தன் பணத்தில் வேனில் ஏற்றி அனுப்புகிறது. பிள்ளை போனதால் எண்ணிக்கை குறைகிறது, எண்ணிக்கை குறைந்ததால் மானியமும் ஆசிரியரும் குறைகிறார்கள், அதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளையும் வேனில் ஏறுகிறது. கடைசியில் மிஞ்சுவது வேன் நிற்காத தெருப் பிள்ளைகள்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி எண்ணுகிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கான இலவசப் பள்ளி உணவைப் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்குக் கூடுதல் பணம் என்று 2011-ல் ஒரு திட்டம் தொடங்கியது. 2024-25-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,480 பவுண்டு. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விதி. கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது அந்த உணவுக்குத் தகுதி பெற்றிருந்தாலும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஓர் ஆண்டு வருமானம் கொஞ்சம் உயர்ந்ததும் வறுமை போய்விட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னையையும் வீட்டையும் அள்ளிக்கொண்டு போன குடும்பங்களுக்கு, அது எத்தனை ஆண்டு நீளும் என்பது தெரியும்.

அவர்கள் நாட்டுப் பணம், நிர்வாகம், எல்லாம் வேறு. அந்தத் தொகையை இங்கே கேட்கவில்லை, எண்ணும் முறையைத்தான் கேட்கிறேன். எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் ஏற்கெனவே இருக்கிறது. பெற்றோர் தொழில், வருமானம், சமூகப் பிரிவு எல்லாம் ஆசிரியர்களே உட்கார்ந்து ஏற்றியவை. நிலமில்லாத கூலி வீட்டுப் பிள்ளை, வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளை, பெற்றோர் திருப்பூருக்குப் பிழைக்கப் போனதால் பாட்டியிடம் வளரும் பிள்ளை என்று பார்த்து, பெயரை வெளியிடாமல், அந்த எண்ணிக்கைக்குத் தக்கபடி பள்ளிக்குப் பணம் கூட்டிக் கொடுக்க முடியும். பிள்ளை யார் என்று வகுப்பறைக்குத் தெரிய வேண்டியதில்லை.

அந்த 29 பேர் பள்ளிக்குத் திரும்பிப் போவோம். அங்கே ஏறக்குறைய எல்லோருமே கூலி வீட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் 29,000. இப்போதைய மானியத்தோடு சேர்த்து 39,000 ரூபாய், 31-வது பிள்ளை வராவிட்டாலும். ஆடி மாதமே கணக்கில் விழுந்தால் ஐப்பசிக்கு முன் ஓடு மாற்றலாம், மோட்டாரைச் சரிசெய்யலாம். மீதியில், ஊரில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணை மாலையில் இரண்டு மணி நேரம் வந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் நாலைந்து பேரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அந்தப் பெண் யார் என்றுகூட டீச்சர் யோசித்து வைத்திருக்கிறார். அவரிடமே படித்தவர், அதே தெருவில் மூன்றாவது வீடு.